மனைவி காணவில்லை என்று கணவரே புகார் கொடுத்த வழக்கு: உடல் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆன என் தங்கையை ஆறு வாரங்களாகக் காணவில்லை. சண்டை போட்டுவிட்டு நகைகளுடன் போய்விட்டாள் என்று மாப்பிள்ளை சொல்கிறார். அவர் புகார் கொடுத்ததே நான்காம் நாள்தான். இரண்டாம் நாள் தங்கையின் எண்ணிலிருந்து ‘என்னைத் தேட வேண்டாம்’ என்று எனக்கு வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி வந்தது. அவள் எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவாள். சென்ற ஆண்டு அவர் அடித்ததற்காக மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, எழுதி வாங்கிச் சமாதானமாக அனுப்பினார்கள். இப்போது ‘பெண் மாயம்’ என்று மட்டும் வழக்குப் பதிந்துள்ளனர். உடல் இல்லாமல் கொலை வழக்கு இல்லை என்கிறார்கள். ஆட்கொணர்வு மனு போடலாமா? — வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: உங்கள் தங்கை உயிருடன் இருக்கக்கூடும். அடி தாங்காமல் வெளியேறி, யாரிடமும் சொல்லாமல் தங்கியிருக்கும் பெண்கள் உண்டு. அப்படிக் கண்டுபிடிக்கப்படுபவர் வயது வந்தவரானால், அவர் விருப்பத்துக்கு மாறாகக் கணவரிடமோ உங்களிடமோ அவரை ஒப்படைக்க நீதிமன்றம் உத்தரவிடாது. ஆயினும் முன்பு நடந்த அடிதடி, தாமதமான புகார், அவர் வழக்கத்துக்கு ஒவ்வாத அந்தச் செய்தி ஆகிய மூன்றும் ஒன்றாக வரும்போது, ‘தானாகப் போனார், தானாக வருவார்’ என்று காவல்துறை காத்திருக்க முடியாது.

உடல் கிடைத்தால்தான் கொலை வழக்கு என்று சொன்னது சட்டப்படி சரியல்ல. உடல் கிடைக்காவிட்டாலும், மரணம் நிகழ்ந்ததை நம்பகமான வேறு சான்றுகளால் நிறுவ முடியுமானால் தண்டனை வழங்கலாம் என்று ராமானந்த் எதிர் இமாச்சலப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1981-லேயே கூறிவிட்டது. ‘பெண் மாயம்’ என்ற முதல் தகவல் அறிக்கையில் குற்றப் பிரிவு எதுவும் இருக்காது. விசாரணையில் குற்றம் தெரியவரும்போது, பிரிவு மாற்ற அறிக்கையை நீதித்துறை நடுவருக்கு அனுப்பி, அதே குற்ற எண்ணில் கடத்தல், கொலை, தடயம் மறைத்தல் ஆகிய பிரிவுகளைச் சேர்ப்பதே நடைமுறை. ஆகவே ‘கொலை என்று எழுதுங்கள்’ என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, பிரிவை மாற்றுவதற்குத் தேவையான சான்றுகள் அழிவதற்குள் அவற்றைப் பதிவில் ஏற்றுவதே உங்கள் முதல் வேலை.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் கணவர் சொன்ன கதையை வைத்தே துலங்குகின்றன. பெங்களூரில் 1991 மே மாதத்துக்குப் பின் ஒரு பெண்ணைக் காணவில்லை. எங்கே என்று மகள் கேட்டபோதெல்லாம் கணவர் சிரத்தானந்தா வெவ்வேறு ஊர்களைச் சொன்னார். ஒரு கட்டத்தில் அமெரிக்காவில் மருத்துவமனையில் இருப்பதாகவும் சொன்னார். அந்த மருத்துவமனையில் அப்படி யாரும் இல்லை. தாயின் கடவுச்சீட்டோ இந்தியாவிலேயே இருந்தது. மகள் 1992-இல் கொடுத்த புகாரும் ‘காணவில்லை’ என்றுதான் தொடங்கியது. 1994-இல் மத்தியக் குற்றப் பிரிவுக் காவலர்கள் சிரத்தானந்தாவைக் கைது செய்து விசாரித்தபோது அவரே காட்டிய இடத்தில், அந்தப் பெண்ணின் சொந்த வீட்டு வளாகத்தில், மரப்பெட்டிக்குள் எலும்புக்கூடு கிடைத்தது. மண்டையோட்டைப் புகைப்படத்துடன் பொருத்திப் பார்க்கும் சோதனையும் மரபணுச் சோதனையும் அது அந்தப் பெண்தான் என்று காட்டின. ஆயுள் முடியும்வரை சிறை என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது.

இன்றைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 109-ஆம் பிரிவு, ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய செய்தியை அவரே விளக்க வேண்டும் என்கிறது. வீட்டுக்குள் மனைவிக்கு நேர்ந்ததைக் கணவர் விளக்க வேண்டும் என்று திரிமுக் மரோட்டி கிர்கன் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த அடிப்படையில்தான். ஆனால் சம்பவ நேரத்தில் கணவரும் மனைவியும் அந்த வீட்டில்தான் இருந்தனர் என்பதை அரசுத் தரப்பு முதலில் நிரூபிக்க வேண்டும். பொய் விளக்கம் மட்டுமே தண்டனைக்குப் போதாது. மற்றச் சூழ்நிலைச் சான்றுகளுடன் சேரும்போதுதான் அதற்கு வலு. எனவே மாப்பிள்ளை சொன்னவற்றை இன்றே உறுதியாகப் பதிய வைக்க வேண்டும்: தங்கை எத்தனை மணிக்குப் போனார், எந்த உடை, எந்தெந்த நகை, யார் பார்த்தார்கள். அந்த நகைகளில் ஒன்று பின்னர் மாப்பிள்ளையின் பெயரிலேயே அடகுக் கடையில் இருந்தால் அவர் கதை அங்கேயே உடைந்துவிடும்.

உங்களுக்கு வந்த செய்தியைத் திரைப்பிடிப்பு (ஸ்க்ரீன்ஷாட்) எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அந்தக் கைப்பேசியையே மாற்றாமல், எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். தங்கையின் பழைய குரல் பதிவுகளும் அதில் இருக்க வேண்டும், ஏனெனில் வழக்கம் மாறியது என்பதற்கு அவைதான் சான்று. நீதிமன்றத்தில், மின்னணுப் பதிவுகளுக்கான அதே சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழுடன் அதைத் தாக்கல் செய்யலாம். செய்தி புறப்பட்ட நேரத்தில் தங்கையின் கைப்பேசியும் கணவரின் கைப்பேசியும் ஒரே கோபுர எல்லையில் இருந்தனவா என்பதை விசாரணை அதிகாரி கேட்டுப் பெற வேண்டும். அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தெருமுனைக் கடையின் கண்காணிப்புக் கேமராவோ சில வாரங்களில் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும். ஆறு வாரம் ஆகிவிட்டதால் அதில் பாதி போயிருக்கலாம். இருந்தாலும் எழுத்து மூலம் கேளுங்கள்.

காவல் நிலையத்தில் இவற்றை மனுவாகக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பலனில்லையெனில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், பின்னர் உறுதிமொழிப் பத்திரத்துடன் நீதித்துறை நடுவருக்கும் போகலாம். வரதட்சணை மரணத்துக்கான சட்ட அனுமானம் திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் நேரும் இறப்புக்கே பொருந்தும் என்பதால் அந்த வழியை விட்டுவிடுங்கள். சென்ற ஆண்டுப் புகாரின் நகலும், அன்று அவர் எழுதிக் கொடுத்த கடிதமும் அவசியம். பல குடும்பங்கள் சமாதானம் ஆகிவிட்டது என்று அந்தத் தாளைத் தொலைத்துவிடுகின்றன. கொடுமையை அவரே ஒப்புக்கொண்டு எழுதியிருந்தால் அதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது.

ஆட்கொணர்வு மனு போடலாம்; ஆனால் யாரோ அவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அடிப்படை காட்டாவிட்டால் அது நெடுநாள் நிற்காது. அதன் நடைமுறைப் பயன், விசாரணையின் நிலை அறிக்கையைக் காவல்துறை சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டிவரும் என்பதே. கண்காணிப்பாளரிடம் கொடுத்த மனு கையில் இருக்கும்போது அதைப் போடுவது நல்லது.

மாப்பிள்ளையை நீங்களாகப் போய் விசாரிக்கவோ மிரட்டவோ வேண்டாம். அவர் எச்சரிக்கையாகிவிடுவார்; எதிர்ப்புகாரும் வரும். வீட்டில் குழந்தை இருந்தால் அதனிடம் எதையும் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், ‘சொல்லிக் கொடுத்த சாட்சி’ என்று எதிர்த்தரப்பு பின்னர் வாதிட இடம் தராமல், நடுவர் முன்னிலையில் வாக்குமூலம் பதியுமாறு விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். உங்கள் தாயார் இருந்தால், மரபணு ஒப்பீட்டுக்கு அவருடைய இரத்த மாதிரியை எடுத்து வைக்கவும், பிற மாவட்டங்களில் கிடைத்த அடையாளம் தெரியாத பெண் உடல்களின் விவரங்களுடன் தங்கையின் அங்க அடையாளங்களை ஒப்பிடவும் அதே மனுவில் கோருங்கள்.