மாமா பட்டறை

கேள்வி: அக்கா, எங்க வீட்டு முன் அறையிலேயே கொலுசுப் பட்டறை. வீட்டுக்காரர் செவ்வாப்பேட்டைக் கடையிலிருந்து வெள்ளி வாங்கி வந்து கூலிக்குச் செய்து கொடுக்கிறார். ஏழாவது படிக்கிற பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வளையம் கோர்ப்பான். டீச்சர் அது குற்றம் என்கிறார். சொந்த வீட்டில் செய்யலாம் என்று சட்டமே சொல்கிறதாமே?
– பெயர் வேண்டாம், சிவதாபுரம், சேலம்

பதில்: பாதிதான் உங்கள் காதுக்கு வந்திருக்கிறது, தங்கச்சி. 1986-இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் சில தொழில்களில் மட்டுமே சிறுவர்களைத் தடுத்தது. 2016 திருத்தம் 14 வயதுக்குள் யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்றது. கூடவே, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலையில் குடும்பத்துக்கு உதவலாம் என்று ஒரு சந்தும் விட்டது. அதில் அத்தை, மாமா, சித்தப்பாகூடக் குடும்பம்தான்.

மாமா என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்து வயதில் நான் உட்கார்ந்தது மாமா பட்டறையில்தான். குறடு பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் நகக்கண் கறுத்துப் போகும். வகுப்பில் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொள்வேன். தீபாவளி ஆர்டர் வந்தால் ராத்திரி பதினொன்றாகும். மாமா நல்லவர், அடித்ததே இல்லை. வெளியாள் முதலாளி என்றால் கோபித்துக்கொண்டு வந்திருப்பேன். மாமாவிடம் எப்படி?

அந்தச் சட்டத்துக்கான 2017 விதிகளைப் பாருங்கள். இரவு 7 மணியிலிருந்து காலை 8 வரை கூடாது. நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. முக்கியமானது இதுதான்: குடும்பத்துக்கு வருமானம் வரும் உற்பத்தியில் எந்தக் கட்டத்திலும் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது. அவன் கோர்க்கிற வளையத்துக்கும் சேர்த்துத்தானே கடைக்காரர் கூலி தருகிறார்? டீச்சர் சொன்னது சரி. பற்றவைக்கிற நெருப்பு, ஆசிட் பக்கம் அவனை விடுகிறீர்களா என்று நான் கேட்கவே இல்லை.

தடை போட்டால் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்கள், நேரத்தை ஒழுங்குபடுத்தினால் போதும் என்று வாதாடுபவர்கள் உண்டு. மணி ஏழாகிவிட்டதா என்று உங்கள் முன் அறைக்கு வந்து எந்த அதிகாரி பார்ப்பார்?

பயப்படாதீர்கள், முதல் தடவை பெற்றோருக்குத் தண்டனை கிடையாது. டீச்சரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பையன் கையால் வாரத்துக்கு எவ்வளவு கூலி வருகிறது என்று வீட்டுக்காரரை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எனக்கும் அனுப்புங்கள், அந்தத் துண்டு விழும் இடத்தை எப்படி அடைப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.