பகலில் வந்த நிலா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். போன வாரம் மாலை டீ குடிக்க வெளியே வந்தபோது, எங்கள் குழுவில் இருக்கும் ஒரு பெண் வானத்தைக் காட்டி, "என்ன இது, வெயில் அடிக்கும்போதே நிலா வந்திருக்கு? ஏதாவது கிரகணமா?" என்று கேட்டார். எம்.இ. முடித்தவர், வேலையில் கெட்டிக்காரர். எல்லோரும் சிரித்துவிட்டோம். அன்று முழுக்க அவரை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் ஒருவர், "சரி, பிறை எதனால வருது, சொல்லுங்க பார்ப்போம்" என்றார். பூமியின் நிழல் விழுவதால் என்று கிட்டத்தட்ட எல்லோருமே சொன்னோம். அது தப்பு என்று வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நம் கல்வி இவ்வளவு மோசமா? என் பாட்டிக்கு நிலா எத்தனை மணிக்கு வரும் என்பது அத்துப்படி. செல்போன் வந்த பிறகுதான் நாம் இப்படி ஆகிவிட்டோமா? என் மகள் ஏழாவது படிக்கிறாள். அவளுக்கு இதை எப்படிச் சொல்லித் தருவது?

கதிர்

அன்புள்ள கதிர்,

அன்று வானத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது. மற்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

பகலில் நிலா தெரிவது அபூர்வம் ஒன்றுமில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களை விட்டால், மற்ற நாட்களில் பகலில் ஏதாவது ஒரு நேரம் அது வானத்தில் இருக்கும். வளர்பிறையில் பிற்பகலில் பார்க்கலாம், தேய்பிறையில் காலையில் பார்க்கலாம். 2023 ஆகஸ்ட் 23 நினைவிருக்கிறதா? மாலை 6.04 மணிக்கு சந்திரயான்-3 இறங்கிய நாள். நாடே டிவி முன்னால் உட்கார்ந்து திரையில் ஓடிய வரைபடத்தைப் பார்த்துக் கைதட்டியது. அந்த நேரத்தில் சென்னையில் இன்னும் சூரியன் மறையவில்லை. கிட்டத்தட்ட அரைநிலா தெற்கு வானில் நல்ல உயரத்தில் நின்றுகொண்டிருந்தது. மேகம் இல்லாத ஊர்களில் மொட்டைமாடிக்குப் போனாலே பார்த்திருக்கலாம். போனவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

இறங்குவதற்கு அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. விக்ரம் கலத்துக்குச் சூரிய ஒளிதான் மின்சாரம். நிலாவில் ஒரு பகல் என்பது நம் கணக்கில் சுமார் 14 நாள். இறங்கும் இடத்தில் விடிந்த கொஞ்ச நேரத்தில் போய் நின்றால்தான் அந்தப் பகல் முழுதும் வேலை செய்ய முடியும். உங்கள் கேள்விக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. நிலாவில் ஒரு பாதி எப்போதும் வெயிலில் இருக்கிறது. அந்த வெயில் பக்கம் நாம் நிற்கும் கோணத்திலிருந்து எவ்வளவு தெரிகிறதோ, அதுதான் பிறை, அரைநிலா, முழுநிலா எல்லாம்.

சரி, பூமியின் நிழல் என்ற பதிலுக்கு வருவோம். பூமியின் நிழல் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில்தான் விழும். மூன்றாம் பிறை மாலையில் எங்கே தெரிகிறது? மேற்கே, சூரியன் மறைந்த இடத்துக்குச் சற்று மேலே. அப்போது பூமியின் நிழல் கிழக்குப் பக்கம் நீண்டு கிடக்கிறது. கிழக்கே கிடக்கும் நிழல் மேற்கே நிற்கும் நிலாவை எப்படித் தொடும்? அது நிலாவைத் தொட வாய்ப்புள்ள ஒரே சமயம் பௌர்ணமி. தொட்டால் அதற்குப் பெயர் சந்திர கிரகணம்.

பிறகு ஏன் இத்தனை பேர் நிழல் என்கிறார்கள்? பாடப்புத்தகப் படத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். ஒரு பக்கத்துக்குள் அடக்க வேண்டும் என்று பூமியையும் நிலாவையும் ஒட்டி ஒட்டி வரைந்துவிடுகிறார்கள். உண்மையில் இடைவெளி சராசரியாக 3,84,400 கிலோமீட்டர், அதாவது பூமியின் விட்டத்தைப் போல 30 மடங்கு. பூமி ஒரு கால்பந்து அளவு என்றால் நிலா கிட்டத்தட்ட டென்னிஸ் பந்து, அதை ஆறரை மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். போதாததற்கு நிலாவின் பாதை 5 டிகிரி சாய்ந்திருப்பதால் பௌர்ணமியன்றுகூடப் பெரும்பாலும் நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது. புத்தகப் படத்தைப் பார்க்கும் பிள்ளைக்கோ, நிழல் விழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கதை எழுதுகிறவர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. நள்ளிரவில் பிறைநிலா வெளிச்சத்தில் கதாநாயகன் ஒற்றையடிப் பாதையில் நடந்து போவதை நான் பல கதைகளில் படித்துவிட்டேன். வளர்பிறையில் அந்த நேரத்துக்குப் பிறை மறைந்து வெகுநேரம் ஆகியிருக்கும். தேய்பிறையில் அது வர விடியற்காலை ஆகும்.

செல்போன்மீது பழிபோட வேண்டாம். 1987இல் ஓர் ஆவணப்படத்துக்காக ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், அந்த கவுன் போட்ட கோலத்திலேயே பட்டதாரிகளை நிறுத்திக் கேட்டார்கள்: கோடையில் ஏன் வெப்பம்? பிறை ஏன் வருகிறது? பேராசிரியர்கள், பழைய மாணவர்கள் உட்பட 23 பேரிடம் கேட்டதில் 21 பேர் தப்பாகச் சொன்னார்கள். அதுவும் தயங்கித் தயங்கிச் சொல்லவில்லை. சரளமாக, கையையெல்லாம் ஆட்டி விளக்கினார்கள். கோடையில் பூமி சூரியனுக்குக் கிட்டே போகிறது என்பது பலருடைய விளக்கம்.

நம் ஊரிலும் அக்னி நட்சத்திரத்துக்கு இதே விளக்கம்தான் ஓடுகிறது. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், மார்கழிப் பனியில் நாம் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்போது. அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடி. நமக்குச் சித்திரை, வைகாசி காய்வதற்கு முக்கியக் காரணம் அப்போது உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேலே நிற்பது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் தலைக்கு மேலே வந்து, அப்புறம் வடக்கே நகர்ந்துவிடும். ஏறக்குறைய ஆடி முடியும்வரை அங்கே மத்தியான நிழல் தெற்குப் பக்கம் விழும். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

இந்த மாதிரி விஷயங்களில் நம்மிடம் இருப்பது வெற்றிடம் என்றால்கூடப் பரவாயில்லை. அந்த இடத்தில் ஒரு தயார் விளக்கம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் நமக்குத் தெரியவில்லை என்பதே தெரிவதில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்பிளிட், கைல் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். ஜிப், கழிப்பறை ஃப்ளஷ் மாதிரி சாதாரணப் பொருட்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது எவ்வளவு புரியும் என்று முதலில் மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக எழுதி விளக்கச் சொன்னார்கள். எழுதிப் பார்த்ததும் பலர் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். லிவர்பூலில் ரெபெக்கா லாசன் 2006இல் சைக்கிளைப் படமாக வரையச் சொல்லி இதே மாதிரி ஒன்று செய்தார். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துச் செயின் வரைந்தவர்கள்கூட இருந்தார்கள். அப்படி ஒரு வண்டியில் ஹேண்டில்பாரைத் திருப்பவே முடியாது. தப்பான படத்தைத் தலையில் வைத்துக்கொண்டும் சைக்கிளை நன்றாகவே ஓட்டலாம் என்பதால், அது திருந்துவதற்கு வாய்ப்பே வருவதில்லை.

உங்கள் பாட்டிக்குத் தெரிந்திருந்தது வேறு வகை அறிவு. சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்கள் நிலாவைப் பார்த்த பிறகுதான் சாப்பிடுவார்கள். பௌர்ணமி முடிந்து நாலாம் நாள் அது. நிலா தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்து வருவதால் அன்றைக்கு வர இரவு ஒன்பது மணி வாக்கில் ஆகிவிடும். பசியோடு காத்திருப்பவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரமலான் பிறைக்கு எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்று முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும், அமாவாசையை ஒட்டிக் கடல் எப்படி இருக்கும் என்று மீனவருக்குத் தெரியும். ஆனால் பிறை ஏன் என்று கேட்டிருந்தால் உங்கள் பாட்டி தட்சன் சாபத்தைச் சொல்லியிருப்பார். அவருக்கு எங்கே, எப்போது என்பது தெரியும், ஏன் என்பது தெரியாது. உங்கள் அலுவலகத்தில் மூன்றுமே தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கு உறுத்துவது நீங்கள் சிரித்ததுதான். எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைக்கும் விஷயத்தை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. வாத்தியார், வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிடுகிறார். வீட்டில், பள்ளியில் சொல்வார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். முப்பது வயதுக்கு மேல் கேட்டால் இப்படித்தான் சிரிப்பு கிடைக்கும். மறுபடி யார் கேட்பார்கள்? அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

மகளுக்குச் சொல்லித்தர ஒரு வழி இருக்கிறது. காலண்டரில் வளர்பிறை அஷ்டமி என்றைக்கு என்று பாருங்கள். அன்று மாலை நாலு மணிக்கு மொட்டைமாடியில் வெயில் படும் இடத்தில் நில்லுங்கள். நிலா கிழக்குப் பக்கம் உயரத்தில் இருக்கும். ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பந்தை, நிலாவுக்குப் பக்கத்தில் தெரிகிற மாதிரி கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். நிலாவில் எந்தப் பக்கம் எவ்வளவு வெளிச்சமோ, பந்திலும் அதே பக்கம் அதே அளவு வெளிச்சம் இருக்கும். ஒரே சூரியன்தானே இரண்டுக்கும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மேகம் மூடிவிட்டால் மறுநாள் செய்யலாம், ஆனால் ஒரு மணி நேரம் தள்ளிப் போங்கள், நவமிக்கு நிலா அவ்வளவு தாமதித்து வரும்.