மீடியம் பிங்க்காவே நிக்குதுன்னா உள்ள ஆக்சிஜன் இருக்கு

மெத்தனோகால்டோகாக்கஸ் ஜன்னாஷி (ஆக்சிஜன் இருந்தா வளராத, மீத்தேன் உண்டாக்குற நுண்ணுயிர்) மூணு வாட்டி போட்டும் வளரலை, ஆக்சிஜனை எடுக்க சல்ஃபைடு விட்டப்புறமும் மீடியம் (அது வளர்ற சத்துக் கரைசல்) லேசா பிங்க்காவே நிக்குதுன்னு கேட்டிருக்கீங்க. பதில் அந்த பிங்க்லயே இருக்கு. மீடியத்துல ஆக்சிஜன் இருக்கான்னு காட்டுற சாயம் ரெசாசுரின், அது நீலத்துலேர்ந்து பிங்க் ஆகி, ஆக்சிஜன் சுத்தமா போனாதான் நிறமே இல்லாம ஆகும், அதுக்கு முன்னாடி இனாகுலேட் பண்ணா (நுண்ணுயிரை உள்ள விட்டா) வேஸ்ட்.

மொதல்ல பாட்டில் மூடியைப் பாருங்க, சிலிகான்னா தூக்கிப் போடுங்க, அது வழியா காத்து உள்ள போகும், தடியான பியூட்டைல் ரப்பர்தான் வேணும். அப்புறம் சோடியம் சல்ஃபைடு பழைய டப்பாவா? கல்லு மேல வெள்ளையா பூத்திருந்தா அப்படியே போடாதீங்க, தண்ணியில சட்டுனு அலசிட்டு கண்ணாடி மாதிரி இருக்குறதை மட்டும் எடுங்க (ஃபியூம் ஹூட்ல, அதாவது விஷ வாயுவை வெளிய இழுக்குற கூண்டுல வச்சு செய்யுங்க, அந்த அழுகின முட்டை நாத்தம் விஷம்). சிரிஞ்சையும் நைட்ரஜன் இழுத்து மூணு தரம் ஃப்ளஷ் பண்ணுங்க, நான் அதுல சோம்பேறித்தனப்பட்டே ஒரு மாசத்தைத் தொலைச்சேன்.

பாட்டில்ல நிரப்புற கேஸ் ஹைட்ரஜன் 80 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 20 சதவீதம். சூடு 85 டிகிரி கிட்ட இருக்கணும், 1982ல கிழக்கு பசிபிக்ல 2600 மீட்டர் ஆழத்துல வெந்நீர் ஊத்துப் பக்கம் எடுத்த ஆளு அது. அப்புறம் ரிப்போர்ட்ல பாக்டீரியான்னு எழுதிடாதீங்க, அது ஆர்க்கியா, பாக்டீரியா இல்லாத தனி நுண்ணுயிர் வகை.

மூடி எதுன்னு பாத்துட்டு சொல்லுங்க.