வெள்ளை மூஸ் மானும் சட்டமும்

கேள்வி: கனடாவிலுள்ள தமையனார் வெள்ளை வெளேரென்ற மூஸ் மானின் படமொன்றை அனுப்பியிருந்தார். இது உண்மையானதா? இதனைச் சுடத் தடை உண்டா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: இத்தகைய மான்கள் உண்மையிலேயே உண்டு. நமது மரையைவிட மிகப் பெரிதான இவ்வினத்தில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பின்னிடைவான மரபணு (இருவரிடமிருந்தும் கிடைத்தால் மட்டுமே வெளிப்படுவது) வந்து சேரும்போது வெண்ணிறக் கன்று பிறக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்கள் கருமையாக இருந்தால் அது அல்பினோ (உடலில் நிறமியே உருவாகாத விலங்கு) அன்று. சுவீடனின் வார்ம்லாந்தில் 2017இல் படமாக்கப்பட்ட ஆண் மானுக்குக் கொம்பைப் போர்த்திய மென்தோல்கூட வெண்மையாகவே இருந்தது.

ஒன்ராறியோவில், உடலின் பாதிக்கு மேல் வெண்மையான மூஸ்களைக் குறிப்பிட்ட சில வேட்டைப் பிரிவுகளில் சுடுவது குற்றமாகும். அப்படியிருந்தும் 2020இல் ஃபொலியெட் அருகே வெள்ளைப் பெண் மூஸ் ஒன்று கொல்லப்பட்டமை, அவற்றைப் புனிதமாகப் போற்றும் பழங்குடி மக்களை ஆழமாக வருத்தியது. தடை மாகாணம் முழுவதற்கும் விரிய வேண்டும் என்பதே என் கருத்து.

நம் நாட்டில் மரை, 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நிற வேறுபாடின்றிப் பாதுகாக்கப்படுகிறது. முல்லைத்தீவுக் காடுகளில் வெளிறிய மானைக் காண நேர்ந்தால், இடத்தைப் பலரறியச் சொல்லாமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு மட்டும் அறிவியுங்கள்.