ஒப்பந்ததாரர் கெடுத்த ஸ்லேட் கூரையை முழுவதும் பிரிக்காமல் சரிசெய்ய முடியுமா?

இங்கிலாந்தில் நூறாண்டு கடந்த வீடொன்றை வாங்கி, கூரையில் வேய்ந்த, மெல்லிய தகடுகளாகப் பிளந்த கல்லான ஸ்லேட் பலகைகளில் உடைந்த சிலவற்றை மாற்றச் சொன்னதாகவும், வேலை முடிந்தபின் ஒழுக்கு முன்பைவிடக் கூடிவிட்டதாகவும், இப்போது பார்க்க வந்த இன்னொருவர் கூரை முழுவதையும் பிரித்துப் புதிதாக வேய வேண்டும் என்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் சற்றுப் பொறுங்கள். நல்ல வேல்ஸ் ஸ்லேட் நூறாண்டுக்கு மேலும் உழைக்கக்கூடியது. பெரும்பாலும் முதலில் பழுதாவது கல் அன்று, அதைப் பிடித்திருக்கும் ஆணிதான்.

தென் லண்டனின் குராய்டனில் உள்ள எங்கள் வீடும் விக்டோரியா காலத்தது. நாங்கள் அமர்த்திய ஒப்பந்ததாரர் 11 பலகைகளை மாற்றி, இடைவெளிகளில் சிமெண்டு பூசிவிட்டுப் போனார். அடுத்த குளிர்காலத்திலேயே படுக்கையறை உட்கூரையில் மூன்று இடங்களில் கறை படிந்தது. பின்னர் வந்த, ஸ்லேட் வேய்வதையே தொழிலாகக் கொண்ட பெரியவர், முகட்டில் கொக்கி மாட்டிய ஏணியில் ஏறி, புதிதாகப் போட்ட பலகை ஒன்றைக் கழற்றி என் கையில் கொடுத்தார். செம்பு ஆணி இருந்திருக்க வேண்டிய இடத்தில் சாதாரண இரும்பு ஆணி, ஏற்கெனவே துருவேறி இருந்தது. அதை இறுக அடித்ததில் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்தன. பக்கத்துப் பழைய பலகைகளில் சில, மனிதர் நேரடியாக ஏறி நடந்ததால் குறுக்கே உடைந்திருந்தன. மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவோமே, அதேபோல அவர் ஒவ்வொரு பலகையையும் விரலால் தட்டிக் கேட்டார். நல்ல கல் கணீரென்றது, விரிசல் விட்டது மங்கிய ஒலி தந்தது.

சிமெண்டுப் பூச்சு ஏன் கெடுதல் என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். ஸ்லேட் கூரை அடைத்து மூடிய கூரை அன்று; நீரை வழியவிட்டே வீட்டைக் காக்கும் கூரை. ஒரு வரிசையின் இரு பலகைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி, கீழ்வரிசைப் பலகையின் நடுவில் வந்து விழும்படியும், கீழிருந்து எண்ணும்போது மூன்றாம் வரிசையின் அடிவிளிம்பு முதல் வரிசையின் தலையை ஓரளவு மூடும்படியும் அடுக்குவார்கள். அந்த இடைவெளியில் சிமெண்டைத் திணித்தால், அது காய்ந்து சுருங்கியும் உறைபனியில் வெடித்தும் மெல்லிய பிளவுகளை உண்டாக்க, அவற்றில் புகும் நீர் கீழே வழியாமல் பக்கவாட்டில் ஊர்ந்து ஆணித்துளைக்குள் இறங்கி, ரீப்பரையும் கைமரத்தையும் ஈரமாகவே வைத்திருக்கும். தார் பூசுவதும் இதே தவறுதான். உள்ளிருந்து நுரை பீய்ச்சி ஒட்டித் தருகிறேன் என்று எவரேனும் வந்தால் மறுத்துவிடுங்கள்: மரத்துக்குக் காற்றோட்டம் போய்விடும், பலகைகளை மீண்டும் பயன்படுத்தவும் முடியாமற்போகும், அத்தகைய வீட்டுக்குக் கடன் தர வங்கிகள் தயங்குவதும் உண்டு.

சரியான பழுதுபார்ப்பு எளிமையானது. நுனியில் கொக்கி உள்ள நீண்ட தட்டைக் கருவியைப் பலகைக்கு அடியில் செலுத்தி, ஆணியை வெட்டி இழுத்து, உடைந்ததை அகற்ற வேண்டும். பிறகு ரீப்பரில் ஈயம் அல்லது செம்புப் பட்டை ஒன்றை அறைந்து, புதிய பலகையை மேலே தள்ளிச் செருகி, பட்டையின் நுனியைப் பலகையின் அடிவிளிம்பின்மேல் மடித்துவிடுவார்கள். புதிய பலகை அளவிலும் தடிமனிலும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலேயுள்ளது தூக்கிக்கொண்டு நிற்கும். ஆங்காங்கே பத்திருபது பலகைகளுக்கு இந்த முறை போதும். ஆனால் எங்கு பார்த்தாலும் ஆணிகள் இற்று, காற்றடிக்கும்போதெல்லாம் முழுப் பலகைகளே சறுக்கி விழுந்தால், அந்தச் சரிவைப் பிரித்து, நல்ல பலகைகளைத் தேர்ந்தெடுத்துச் செம்பு ஆணியால் மீண்டும் வேய்வதே அறிவுடைமை. அப்போதும் கல்லைக் குப்பையில் போட விடாதீர்கள். வடமேற்கு வேல்ஸின் ஸ்லேட் நிலப்பரப்பை 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. உங்கள் தலைக்கு மேலிருப்பது அங்கே மலையைக் குடைந்து கையால் பிளந்த கல்லாக இருக்கலாம்.

உங்கள் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். வேறு எவரும் கைவைக்கும் முன் கூரையையும், மச்சில் ஏறிக் கைமரங்களில் தெரியும் கறைகளையும் நாள் தெரியும்படி படமெடுங்கள். மச்சிலிருந்து பார்க்கையில் பலகைகளின் இடையே ஒளிப்புள்ளி தெரிவது மட்டும் பழுதன்று, ஏனெனில் பலகைகளுக்கு அடியில் விரிக்கும் அடித்தாள் இல்லாத பழைய கூரையில் அது இயல்பு; ஈரக்கறைதான் சான்று. 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டியது ஒப்பந்ததாரரின் கடமை. திரும்பச் செய்து தரும்படியோ, இயலாதபோது தொகையைக் குறைக்கும்படியோ கேட்கலாம். முதலில் கடிதமாக எழுதுங்கள். கடன் அட்டையில் செலுத்தியிருந்தால், வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டைத் தாண்டாமலும் இருக்கும்வரை, அட்டை நிறுவனத்திடமும் கோரலாம்.

எங்கள் கூரையில் அந்தப் பெரியவர் சிமெண்டு முழுவதையும் செதுக்கி எடுத்து, 26 பலகைகளை மாற்றினார். சாரம் கட்டும் செலவு எப்படியும் ஆகிறதே என்று புகைபோக்கியின் அடியிலுள்ள ஈயத் தகட்டையும் அதே நாட்களில் புதுப்பித்துக்கொண்டோம். மிஞ்சிய ஆறு பலகைகளைத் தோட்டச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். சென்ற ஆண்டுப் புயலில் இரண்டு தேவைப்பட்டன.