வாசகர் கேள்வி – பதில்: ஊர்ப்பேச்சு எங்கே போகிறது?

என் மாமியார் ‘சொல்லுதேன்’, ‘கேக்குதேன்’ என்பார். நான் பாதிப் பாதி. சென்னையில் படிக்கிற மகன் ‘சொல்றேன்’தான். வட்டாரப் பேச்சில் எது முதலில் போகும்?
– வாசகி, பாளையங்கோட்டை

எதை மற்றவர் கிண்டல் செய்கிறார்களோ அதுதான் முதலில் போகும். நிகழ்காலத்தில் ‘த’ வருவது நெல்லை, நாஞ்சில் நாட்டு அடையாளம் என்று எல்லாருக்கும் தெரியும். விடுதிக்குப் போன பையன் அதையும் ‘ஏலே’யையும்தான் முதலில் மூட்டை கட்டிவைப்பான்.

அடுத்துப் போவது பொருளோடு சேர்ந்த சொற்கள். கிணற்றில் பம்புசெட் வந்ததும் மாடு கட்டி நீர் இறைக்கும் கமலை போயிற்று. கமலை போனதும் நீர் மொள்ளும் கூனையும் அதை இழுக்கும் வடமும் பேச்சிலிருந்து போயின. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

கடைசிவரை நிற்பது வாக்கியத்தின் ராகம். எந்த அசையை இழுக்கிறோம், கேள்வியில் குரல் எங்கே ஏறுகிறது என்பதைப் பேசுகிறவரே கவனிப்பதில்லை. அதனால் திருத்திக்கொள்வதும் இல்லை. உங்கள் மகன் ஊர்க்காரரிடம் கோபமாகப் பேசும்போது கேட்டுப் பாருங்கள், ‘சொல்றேன்’ என்ற சொல்லிலேயே பாளையங்கோட்டை தெரியும்.

வயதும் முக்கியம். ஏறக்குறைய 7 வயதுக்குள் ஊர் மாறிய பிள்ளை புது ஊர்ப் பேச்சை அப்படியே பிடித்துக்கொள்ளும். 14 வயதுக்கு மேல் மாறினால் பெரும்பாலும் அரைகுறைதான். வீட்டில் தொடங்கும் பேச்சைத் தெருச் சேக்காளிகள்தான் முடிவு செய்கிறார்கள். ‘நாங்க வீட்ல ஊர்த் தமிழ்தான் பேசுறோம், அவனுக்கு வரலையே’ என்று பெற்றோர் வருந்துவதில் பயன் இல்லை.

எல்லாம் டிவியால் வந்த வினை என்கிறார் எங்கள் தாத்தா. சரியா?
– வாசகர், தூத்துக்குடி

பெரும்பாலும் இல்லை. டிவி சொற்களைத் தரும்; ஒலியையும் விகுதியையும் மாற்ற எதிரில் ஓர் ஆள் வேண்டும். உங்கள் பக்கமே சான்று: தென்மாவட்டங்களில் இலங்கை வானொலியைப் பல ஆண்டுகள் விரும்பிக் கேட்டார்கள். அதற்காக யாரும் ‘கதைக்கிறோம்’ என்று பேசத் தொடங்கிவிடவில்லை. விடுதி, வெளியூர் வேலை, தொலைதூரச் சம்பந்தம், இந்த மூன்றையும்தான் தாத்தா சந்தேகப்பட வேண்டும்.

சினிமா பார்த்து மதுரை, கோவை பாஷையை எல்லாரும் பேசுகிறார்கள். அப்படியானால் அவை வளரத்தானே செய்கின்றன?
– வாசகர், ஈரோடு

பரவுவது இரண்டு மூன்று முத்திரைகள் மட்டும். அவையும் இலக்கணம் கழன்றுதான் பரவுகின்றன. மதுரையில் ‘வந்தாய்ங்க’ என்பது ‘வந்தான்கள்’ என்ற பொருளில் மரியாதையில்லாப் பன்மை. வெளியூர்க்காரர் ஆசையாக ‘உங்க அப்பா அம்மா வந்தாய்ங்களா?’ என்று கேட்டால் மதுரைக்காரர் முகம் சுளிப்பார்.

கொங்கில் ‘நான் வர்றனுங்’ என்பதில் உள்ள ‘ங்’ கேட்கிறவருக்குச் செய்யும் மரியாதை. அதனால்தான் ‘நான்’ என்ற ஒருமையோடும் அது ஒட்டுகிறது. ‘சரிங்’, ‘இல்லீங்’ என்று மூக்கொலியிலேயே நிறுத்துவது பழைய பாணி. வசனத்தில் அதை ‘சரிங்க’ என்று முழுதாக எழுதிவிடுகிறார்கள். பொதுத்தமிழ் ‘சரிங்க’வுக்கும் அதற்கும் வேறுபாடு மறைந்துவிடுகிறது. ‘என்ற ஊடு’ (என் வீடு), ‘உன்ற பையன்’ (உன் பையன்) என்பதில் வரும் ‘ற’வும், திருவிழாவுக்கு ‘நோம்பி’ என்பதும் இளவயதினரிடம் எவ்வளவு வருகின்றன என்று பாருங்கள். கொங்குப் பேச்சு இருக்கிறதா என்பதை ‘ஏனுங்க’வை வைத்து அளக்கக் கூடாது.

இலங்கைத் தமிழர் ‘ரொறன்ரோ’, ‘ரீவி’ என்று எழுதுவது பிழையா?
– வாசகி, திருச்சி

பிழையே இல்லை. ஆங்கிலத்தின் ‘t’ ஒலி பல்லுக்கு மேலே ஈறில் பிறப்பது. நம் ‘ட’வுக்கு நாக்கு மடிந்து இன்னும் பின்னால் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் ‘காற்று’, ‘வெற்றி’ என்பதில் உள்ள ‘ற்ற’ இன்றும் அதே ஈறில் பிறக்கும் ஒலிதான். மலையாளத்திலும் அது உண்டு. ஆகவே அவர்கள் காதுக்கு ஆங்கில ஒலி ‘ற’கர, ரகரப் பக்கம் விழுகிறது. தமிழகப் பேச்சில் ‘காத்து’ ஆகிவிட்டதால் நமக்குக் கிட்டத்தில் இருப்பது ‘ட’. தொல்காப்பியம் சொல்லும் ‘அ, இ, உ’ என்ற மூன்று சுட்டில் ‘உ’வையும் (உவன், உது) பேச்சில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

எங்கள் பாட்டிக்கு 80 வயது. அவர் பேச்சைப் பதிவு செய்ய விரும்புகிறோம். கைபேசி போதுமா?
– வாசகர், நாகர்கோவில்

போதும். ஆனால் வைக்கும் விதம் முக்கியம். பதிவுச் செயலியில் ‘வேவ்’ வடிவம், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று வையுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி ஆகும். இரைச்சல் குறைப்பு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது மெல்லிய சொல்லிறுதிகளையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும், வட்டாரப் பேச்சோ சொல்லிறுதியில்தான் இருக்கிறது. விசிறி, டிவி நிறுத்தம். போன் ஏரோபிளேன் மோடில். மேசையில் துண்டை மடித்துப் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள்.

பெரிய சிக்கல் கருவியில் இல்லை. ரெக்கார்டரைக் கண்டதும் பாட்டி மேடைத்தமிழுக்கு மாறிவிடுவார். முதல் கால் மணி நேரப் பேச்சை நம்பாதீர்கள். கேள்வி கேட்பவர் வெளியூர்ப் பேரனாக இருந்தால் அவனுக்குப் புரிய வேண்டுமே என்று இன்னும் மாற்றிப் பேசுவார். பக்கத்து வீட்டுச் சமவயதுக்காரரை உட்கார வையுங்கள். ‘இதை உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்க?’ என்று கேட்டால் பட்டியல்தான் கிடைக்கும். பனங்கிழங்கு அவிக்கும் முறையைக் கேளுங்கள், நிகழ்கால வினைகள் வரும். கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள், ‘வந்தாவ’, ‘போனாவ’ வரும். பேரனை வேலை ஏவச் சொல்லுங்கள், கட்டளை வடிவங்கள் வரும்.

பதிவின் தொடக்கத்தில் நாள், பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், வேறெங்கே எத்தனை வருடம் இருந்தார் என்பதைச் சொல்ல வையுங்கள். 18 வயதில் வேற்றூரிலிருந்து வந்த பெண்ணின் பேச்சில் இரண்டு ஊரும் கலந்திருக்கும். பல்செட் கட்டியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ‘ச’ ஒலி மாறும். எழுதும்போது ‘வந்தாவ’ என்பதை ‘வந்தார்கள்’ ஆக்காதீர்கள். யாரிடம் போட்டுக் காட்டலாம் என்று பாட்டியிடமே கேட்டுவிடுங்கள். வீட்டுச் சண்டையெல்லாம் பதிவாகியிருக்கும்.

சுத்தமான தமிழ் எந்த ஊரில் பேசுகிறார்கள்?
– வாசகர், தஞ்சாவூர்

எந்த ஊரிலும் இல்லை. செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களின் திசைச்சொற்களைத் தொல்காப்பியமே ஏற்றுக்கொள்கிறது. கேரளப் பக்கத்துக் குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என்பார்கள் என்று உரையாசிரியர் எடுத்துக்காட்டு தருகிறார். அந்தச் சொல் இன்னும் மலையாளத்தில் ‘தள்ள’ என்று வழங்குகிறது.