செய்திக்கு 15, சீரியலுக்கு 40

கேள்வி: 72 வயது மாமனார் காது கேட்காத மாதிரி நடிக்கிறார். 'மருந்து' என்றால் 'விருந்தா?' என்கிறார், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். டிவியில் செய்தியை மட்டும் சத்தம் 15-ல் வைத்தே கேட்பவர், டப்பிங் சீரியலுக்கு 40 வைக்கிறார். எனக்குத் தலைவலியே வந்துவிடுகிறது. அவரை எப்படித் திருத்துவது?
– சேலம் வாசகி

பதில்: திருத்த வேண்டியது அவரை இல்லை, அம்மா. அந்த 15-ம் 40-ம் உங்களுக்குப் புகார். எனக்கு அதுதான் விஷயமே. செய்தி வாசிப்பவர் நேராகப் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் பேசுகிறார். உதடும் சத்தமும் ஒன்றாக வருகின்றன. டப்பிங் சீரியலில் உதடு இந்தி பேசும், காதில் தமிழ் விழும், போதாததற்குப் பின்னணி இசை வேறு.

பேச்சைக் கேட்பது காது மட்டும் இல்லை. 1976-ல் இங்கிலாந்தில் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள், 'கா' என்று வாயசைக்கும் முகத்தோடு 'பா' என்ற ஒலியைச் சேர்த்துக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டுமே இல்லாமல் 'டா' என்று கேட்டது. கண் ஒன்று சொல்லி காது வேறொன்று சொன்னால், மூளை நம்மைக் கேட்காமலே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. வயதானால் பெரும்பாலும் முதலில் மங்குவது மெல்லிய மெய்யொலிகள்தான். அப்போது எதிராளியின் உதட்டைத்தான் அதிகம் நம்ப வேண்டியிருக்கும். அந்த உதடே பொய் சொன்னால் அவர் ரிமோட்டை அழுத்தாமல் என்ன செய்வார்?

'மருந்து' என்று எங்கிருந்து சொன்னீர்கள்? அடுப்புப் பக்கம் திரும்பி, மிக்ஸி ஓடும்போதுதானே? 'ம' சொல்ல உதடு மூட வேண்டும், 'வி' சொல்ல மூடாது. உங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் அவருக்கு விருந்து கேட்டிருக்காது. பெரியவரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கும்போது நீங்கள் சும்மா இருந்தீர்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கு உங்களுக்கும் காது மங்கும், அந்தப் பிள்ளைகள்தான் பக்கத்தில் இருப்பார்கள்.

அப்புறம், உங்கள் கணவர் எங்கே? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்பாவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போய் டெஸ்ட் எடுப்பதும், காது மெஷின் தேவையென்றால் வாங்கித் தருவதும் மகன் கடமை. இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.

இன்று ராத்திரி மிக்ஸியை நிறுத்துங்கள். ஹால் லைட்டைப் போட்டு, மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து, கத்தாமல், "மாமா, மருந்து" என்று சொல்லிப் பாருங்கள்.